உலகத்தை நிமிர்த்திய ஆறுமுகத்தாய்

உலகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பது லேசான வேலையா? அதுவும் சங்கரன்கோவிலில்? இந்தப் பக்கம் மாட்டுவண்டி, அந்தப் பக்கம் சைக்கிள், நடுவில் எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்திருக்கும் நாய். ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஆறுமுகத்தாய் அன்று சாயங்காலம் அப்படித்தான் நடந்து போனாள். இரண்டு கைகளாலும் அவள் நெஞ்சோடு அணைத்திருந்தது ஒரு பெரிய பூமி உருண்டை.

காவலுக்கு முன்னால் போனவன் பீர் மைதீன். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே தெரு.

“வழி விடுங்க! வழி விடுங்க! உலகம் வருது!” என்று அவன் கூப்பாடு போட்டான்.

“ஏலே, சும்மா வாயேன். எல்லாரும் பாக்காவ,” என்றாள் ஆறுமுகத்தாய்.

“பாக்கட்டும். இந்த ஊர்ல எவன் இதைத் தொட்டிருக்கான்?”

அது உண்மைதான். அந்த உருண்டை பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமானது அல்ல. பள்ளிகளைப் பார்வையிட வரும் ஆவுடையப்பன் ஆபீசருடையது. ஒவ்வொரு ஊராக அது பயணம் போகும். ஒரு நாள் முன்னதாக உருண்டை வந்து சேரும். மறுநாள் ஆபீசர் வருவார். டீச்சர் அதை வைத்துப் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். பிறகு உருண்டையை எடுத்துக்கொண்டு போய் அடுத்த ஊரில் சேர்த்துவிடுவார். திருவேங்கடத்திலிருந்து இங்கே வந்திருந்தது. நாளைக்கு இங்கிருந்து குருவிகுளம் போகும்.

பள்ளிக்கூட அலமாரிக்குப் பூட்டு கிடையாது. எலி மட்டும் உண்டு. சுப்புலட்சுமி டீச்சர் ராயகிரியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் உருண்டையைக் கொண்டு போய்க் கொண்டு வர முடியாது. அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆறுமுகத்தாயிடம் ஒப்படைத்தார்.

“பாத்து வச்சுக்கோ பிள்ள. நாளைக்குப் பகலும் ராத்திரியும் ஏன் கூடிக் குறையுதுன்னு இதை வச்சுத்தான் நடத்தப் போறேன். எனக்கு இதுதான் முதல் ஆபீசர் பாடம். ஒரு வாரமாக் கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்துக்கிட்டு இருக்கேன். உருண்டையில ஒரு கீறல் விழுந்தாலும் ஆபீசர் அடுத்த வருஷம் நம்ம பள்ளிக்கூடத்துக்குத் தர மாட்டாரு.”

“கண்ணுக்குள்ள வச்சுக்கிடுதேன் டீச்சர்,” என்றாள் ஆறுமுகத்தாய். அவளுக்குச் சுப்புலட்சுமி டீச்சர் என்றால் உயிர். போன வருஷம் வந்த டீச்சர். பிரம்பைத் தொடாமலே வகுப்பை அடக்குவார்.

“ஏட்டி, நாளைக்கு நான் நோன்பு,” என்றான் பீர் மைதீன், வீடு நெருங்கியதும். “முதல் நோன்பு. விடியறதுக்கு முன்ன சாப்பிட்டா, பொழுது அடைஞ்ச பொறவுதான் தண்ணியே.”

“முடியுமாலே உன்னால?”

“எங்க அண்ணன் முடிச்சானே! ஆனா ஒண்ணு. எங்க அத்தாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம் நோன்பு மார்கழியில வந்துச்சாம். சீக்கிரமாப் பொழுது அடைஞ்சிருமாம். எனக்குன்னு பாத்து ஆனியில வந்திருக்கு. இந்தச் சூரியன் போகவே மாட்டேங்குது பாரு.”

ஏன் போக மாட்டேன் என்கிறது என்பதுதான் நாளைய பாடம். இரண்டு பேரும் அதைப் பற்றி அப்போது கவலைப்படவில்லை.

வீட்டுக்குள் தறிச் சத்தம் கேட்டது. அப்பா சண்முகையா நெய்துகொண்டிருந்தார். ஆறுமுகத்தாய் உருண்டையை ராட்டைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள். நீலமாகக் கடல், பச்சையாக நாடுகள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது.

உருண்டை சாய்ந்திருந்தது. மரப் பீடத்திலிருந்து ஓர் இரும்புக் கம்பு எழும்பி, மேலே அரைவட்டமாக வளைந்து உருண்டையைப் பிடித்திருந்தது. அந்தக் கம்பு கழுத்துப் பக்கத்தில் ஒரு பக்கமாக ஒடிந்தாற்போல் இருந்தது.

‘அய்யய்யோ, வளைஞ்சு போச்சே! வண்டியில வரும்போது எங்கயோ இடிச்சிருக்கு. டீச்சர் கவனிக்கலை போல.’

நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குக் கோணல் கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியாது. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. ராட்டையில் சுழலும் இரும்புக் கம்பிக்குக் கதிர் என்று பேர். கதிர் துளி கோணினாலும் போச்சு. தடதடவென்று ஆடும், நூல் அறுந்து அறுந்து விழும், அப்பாவின் வாயிலிருந்து வசவு அறாமல் விழும்.

அவள் உருண்டையை மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். சாய்ந்தபடியே சுற்றியது. அவளுக்குப் பல் கூசியது.

“அப்பா, கதிர் கோணலா இருக்கு!” என்று கத்தினாள்.

அப்பா தறியை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. “கோணலா இருந்தாச் செல்லச்சாமிகிட்டக் கொண்டு போ. என்கிட்ட எதுக்குட்டிச் சொல்லுத?”

“கொண்டு போட்டுமா?”

“போ, போ. ஆனி மாசம், பொழுது நல்லாக் கிடக்கு. வெளிச்சத்தோட போயிட்டு வந்துரு.”

இப்படித்தான் உலகம் கொல்லுப்பட்டறைக்குப் போனது.

செல்லச்சாமி அந்த வட்டாரத்துக் கதிர்களையெல்லாம் நிமிர்த்துகிறவர். உருண்டையைப் பார்த்ததும் துருத்தியை நிறுத்திவிட்டார்.

“என்னட்டி இது? பூசணிக்காயில கம்பியைக் குத்தி வச்சிருக்கு?”

“உலகம், அண்ணாச்சி.”

“உலகமா? அதான் இவ்வளவு கோணலா இருக்கு!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஒரு கண்ணை மூடிக் கம்பைப் பார்த்தார். முதலில் உருண்டையைப் பதமாகக் கழற்றி ஆறுமுகத்தாய் கையில் கொடுத்தார். கம்பின் கழுத்தைப் பழுக்கக் காய்ச்சினார். பட்டடையில் வைத்து ரெண்டு தட்டு, திருப்பி ரெண்டு தட்டு. தண்ணீரில் முக்கினார். உருண்டையை மறுபடியும் மாட்டிச் சுற்றிவிட்டார்.

உருண்டை நேராக நிமிர்ந்து நின்று ஆடாமல் சுழன்றது.

“பாத்தியா! கோடு போட்டாப்ல நிக்கு. டீச்சர்கிட்டச் சொல்லு, செல்லச்சாமி உலகத்தையே நிமித்திட்டான்னு.”

ஆறுமுகத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. நாளைக்கு டீச்சர் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் டீச்சர் முகம் மலரவில்லை.

மேசைமேல் இருந்த உருண்டையைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஏட்டி... இது ஏன் நேரா நிக்குது?”

“நான்தான் டீச்சர் நிமித்திட்டு வந்தேன்! கோணலா இருந்துச்சுல்லா?”

“அது கோணல் இல்லட்டி! பூமியே அப்படித்தான். சாஞ்சபடிதான் தன்னையும் சுத்திக்கிட்டுச் சூரியனையும் சுத்தி வருது. அந்தச் சாய்வுனாலதான் ஆனியில பகல் கூடுது, மார்கழியில குறையுது. நான் இன்னைக்கு நடத்த வேண்டிய பாடமே அந்தச் சாய்வுதான்!”

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

பீர் மைதீன் பக்கத்தில் வந்து காதைக் கடித்தான். “ஆறு முகம் இருந்து என்ன செய்ய? ஒரு முகத்துக்காவது மூளை இருந்திருக்கலாம்.”

“போலே! டீச்சர், நான் இப்பவே ஓடிப் போயி வளைச்சிட்டு வாரேன்.”

“ஆபீசர் வந்துருவாரே!”

“வாரதுக்குள்ள வந்துருவேன்.”

ஓடினாள். பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. “செல்லச்சாமியா? வெள்ளனவே திருவேங்கடம் போயிட்டான். மத்தியானந்தான் வருவான்,” என்றார் எதிர்க் கடைக்காரர்.

ஆறுமுகத்தாய் பூட்டிய கதவின் முன்னால் நின்றாள். அழுகை வந்துவிட்டது. தன்னால் டீச்சருக்குக் கெட்ட பேர். தன்னால் அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு உருண்டை இல்லை. அழுதால் கம்பு வளையுமா? வளையாது. மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

கம்பு நிமிர்ந்துதான் நிற்கும். சரி. ஆனால் அதைத் தாங்கும் பீடத்தைச் சாய்த்தால்? ஒரு பக்கம் அண்டை கொடுத்துத் தூக்கினால், மேலே இருப்பது தானாகச் சாயாதா?

வீட்டுக்கு ஓடினாள். தறிக்குள் இங்கும் அங்கும் ஓடி நூலைக் கொண்டு போகும் கட்டைக்கு நாடா என்று பேர். இரண்டு முனையும் கூராக, நடுவில் தடிமனாக இருக்கும். பழைய நாடா ஒன்று மூலையில் கிடந்தது. பீடத்துக்கு அடியில் நுழைக்க நுழைக்க உயரும், இழுக்க இழுக்கத் தாழும். அதற்குள் கொஞ்சம் மிச்ச நூலும் இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு பறந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது.

ஆபீசர் வந்துவிட்டார்.

ஆவுடையப்பன் ஆபீசர் சத்தம் போடுகிறவர் அல்ல. கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் மெலிந்துவிடும். அதற்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். ஆறுமுகத்தாய் வாசலில் வந்து நின்றபோது அந்தக் குரல் ரொம்ப ரொம்ப மெலிந்திருந்தது.

“டீச்சர், பூமியை யாரு நிமித்தினது?”

“என் பொறுப்புல இருந்தது சார். தப்பு என்னோடதுதான்,” என்றார் சுப்புலட்சுமி டீச்சர்.

“இல்ல சார்! நான்தான்!” ஆறுமுகத்தாய்க்கு மூச்சு வாங்கியது. “டீச்சருக்குத் தெரியாது. நான்தான் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டு போனேன்.”

“எதுக்கு?”

“கோணலா இருந்துச்சு சார். எங்க வீட்ல கதிர் கோணுனா நிமித்தித்தான் ஆகணும். இல்லைன்னா ஆடி ஆடி நூல் அறுந்துரும். பூமியும் அப்படி ஆடிக்கிட்டே சுத்துனா என்ன ஆகும்னு...”

வகுப்பு சிரித்தது. ஆபீசர் சிரிக்கவில்லை.

“எத்தனை ஊர் போயிட்டு வந்த உருண்டை. இங்க ஒரு ராத்திரி தங்கினதுக்கு இந்தக் கதி. பாடம் வேண்டாம் டீச்சர். நான் எடுத்துட்டுக் கிளம்புதேன். இனிமே இது இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வராது.”

உருண்டையைத் தூக்கக் கை நீட்டினார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் ஆறுமுகத்தாய்க்குப் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“சார்! நேரா இருந்தா என்ன சார் ஆகும்?”

நீட்டிய கை நின்றது. “என்னது?”

“சாஞ்சிருக்கதாலதான் பகல் கூடிக் குறையுதுன்னு டீச்சர் சொன்னாவ. நேரா இருந்தா? இப்ப நேராத்தான சார் நிக்கு. ஒரு தடவை பாத்துருவோமே. பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க.”

ஆபீசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் கையை மடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சரி. காட்டு.”

ஜன்னல்களைச் சாத்தினார்கள். பாடத்துக்காக டீச்சர் கொண்டு வந்திருந்த அரிக்கேன் விளக்கை அறை நடுவில் ஸ்டூலில் ஏற்றி வைத்தார்கள். அதுதான் சூரியன். விளக்குக்குக் கிழக்கே ஒரு பெஞ்சு, அது ஆனி. மேற்கே ஒரு பெஞ்சு, அது மார்கழி. ஆறுமுகத்தாய் தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு, உருண்டையில் சங்கரன்கோவில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

முதலில் கிழக்குப் பெஞ்சு. உருண்டையின் ஒரு பாதியில் வெளிச்சம், மறுபாதியில் இருட்டு. சுற்றிவிட்டால் பொட்டு வெளிச்சத்துக்குள் வந்தது, நகர்ந்தது, இருட்டுக்குள் போனது.

“வெளிச்சத்துல போற தூரந்தான் நம்ம ஊருப் பகல்,” என்றாள். “எவ்வளவு தூரம்னு அளந்துருவோம்.”

நாடாவிலிருந்து நூலை இழுத்தாள். பொட்டு போகிற பாதையிலேயே, வெளிச்சம் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை நூலைப் பிடித்துப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு உருண்டையை மேற்குப் பெஞ்சுக்குக் கொண்டு போய் இன்னொரு நூல் எடுத்தாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள்.

ஒரே நீளம்.

“ஆனிக்கும் மார்கழிக்கும் ஒரே பகல்!” என்றார் டீச்சர். அவருக்கே ஆச்சரியம்.

“யாத்தாடி, இது நல்லால்லா இருக்கு!” என்றான் பீர் மைதீன். “நோன்பு எப்ப வந்தாலும் ஒரே பகல்தான். சார், உலகத்தை இப்படியே விட்டுருவோமே சார்!”

வகுப்பு ஓவென்று சிரித்தது. ஆபீசரின் மீசை ஓரம் கொஞ்சம் அசைந்தது.

“இப்ப சாய்க்கப் போறேன்,” என்றாள் ஆறுமுகத்தாய். உருண்டையை மறுபடியும் கிழக்குப் பெஞ்சில் வைத்து, பீடத்துக்கு அடியில் நாடாவை நுழைத்தாள். பத்தவில்லை. நாடாவுக்கு அடியில் சிலேட்டுகளை அடுக்கினாள். டீச்சர் எழுந்து வந்து பாகைமானியை வைத்துப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் தள்ளு... இன்னும்... போதும். புஸ்தகத்துல போட்டிருக்க சாய்வு வந்துட்டு.” உருண்டை கீழே விழாமல் பீர் மைதீன் பீடத்தைப் பிடித்துக்கொண்டான்.

உருண்டையின் தலைப்பக்கம் விளக்கைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. நூல் எடுத்தாள். முந்தைய நூலைவிட நீளம்!

“ஆனி!” என்று வகுப்பு கத்தியது.

மேற்குப் பெஞ்சுக்குப் போனாள். அங்கேயும் தலைப்பக்கத்தை விளக்கைப் பார்த்துச் சாய்த்து வைத்தாள். நூல் எடுத்தாள். அதுவும் நீளம்.

எல்லாரும் முழித்தார்கள். “அப்ப வருஷம் பூரா ஆனியா?” பீர் மைதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “நான் செத்தேன்!”

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் இப்போது நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

ஆறுமுகத்தாய் நகத்தைக் கடித்தாள். கிழக்குப் பெஞ்சைப் பார்த்தாள். மேற்குப் பெஞ்சைப் பார்த்தாள்.

“சார், ஒரு தப்பு பண்ணிட்டேன். அங்கன வச்சிருக்கும்போது இது மேற்க, கோயில் கோபுரத்துப் பக்கமாச் சாஞ்சிருந்துச்சு. இங்கன வந்ததும் நான்தான விளக்குப் பக்கமாத் திருப்பி வச்சேன்? வானத்துல பூமியைத் திருப்பி வைக்கதுக்கு யாரு இருக்கா? யாருமில்ல. அப்ப அது எங்க போனாலும் ஒரே பக்கமாத்தான சாஞ்சிருக்கணும்?”

“எந்தப் பக்கமா?” என்றார் ஆபீசர்.

“கோபுரத்துப் பக்கமே வச்சிக்கிடுவோம் சார்.”

அப்படியே வைத்தாள். மேற்குப் பெஞ்சில் இப்போது உருண்டையின் தலை விளக்கைவிட்டு விலகிச் சாய்ந்தது. உச்சியில் வெளிச்சமே விழவில்லை. எவ்வளவு சுற்றினாலும் உச்சி இருட்டுக்குள்ளேயே நின்றது. அவள் நூலெடுத்தாள். பல்லால் கடித்தாள். கிழக்குப் பெஞ்சு நூலோடு சேர்த்துத் தூக்கிக் காட்டினாள்.

இரண்டு விரல் அகலம் குறைச்சல்.

“மார்கழி!” என்று வகுப்பே எழுந்து நின்றது. யாரோ கை தட்டினார்கள். ஆபீசர் இருக்கிறார் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆபீசர் எழுந்து வந்து நூல்களைக் கையில் வாங்கிக்கொண்டார். நீள நூல், குட்டை நூல், நேராக வைத்து எடுத்த நடுத்தர நூல். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நம்ம ஊரு பூமியின் இடுப்புக்குப் பக்கத்துல இருக்கு. அதனாலதான் இவ்வளவு சின்ன வித்தியாசம். வடக்க போகப் போக இந்த வித்தியாசம் கூடிக்கிட்டே போகும்,” என்றார். குரல் இப்போது கொஞ்சம் தடித்திருந்தது. “டீச்சர், எத்தனையோ பள்ளிக்கூடத்துல இந்தப் பாடத்தைக் கேட்டிருக்கேன். ‘பூமி சாஞ்சிருக்கு, பகல் கூடிக் குறையுது’ன்னு எல்லாப் பிள்ளையும் ஒப்பிக்கும். நேரா இருந்தா என்னன்னு ஒரு பிள்ளை கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல.”

டீச்சர் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

“சார், சார்!” பீர் மைதீன் கையைத் தூக்கினான். “அப்ப வருஷத்துலயே பெரிய பகல் எது சார்?”

“இன்னைக்குத்தான். இதைவிட நீளமான பகல் கிடையாது.”

“எங்க அண்ணன் முதல் நோன்பு பிடிச்சது ஆடி கடைசியில சார்.”

“அப்ப உன் நோன்புதான் பெரிசு.”

பீர் மைதீன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். “இதைச் சொன்னாப் போதும், இந்த வருஷம் பூரா அவன் என்கிட்ட வாயைத் திறக்க மாட்டான்!”

ஆனால் ஆறுமுகத்தாய்க்கு மனசு இன்னும் ஆறவில்லை. “சார், உருண்டை திரும்ப இங்க வருமா?”

“அதை நிமித்தினவரைப் பாத்துட்டுச் சொல்லுதேன்,” என்றார் ஆபீசர்.

மத்தியானம் செல்லச்சாமி ஊரிலிருந்து வந்து பட்டறையைத் திறந்தபோது வாசலில் ஓர் ஆபீசர், ஒரு டீச்சர், ஐந்தாம் வகுப்பு மொத்தமும் நின்றது. மனிதர் வெலவெலத்துப் போனார்.

“பூமியே கோணல்தானா? கடவுளே, அது தெரியாம நிமித்திப்புட்டேனே! குடுங்க சார், ஒரு நிமிஷத்துல வளைச்சுத் தாரேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி!” என்று ஆறுமுகத்தாய் குறுக்கே விழுந்தாள். “வளைச்சிட்டா, குருவிகுளத்துப் பிள்ளைகளுக்கு நேரா வச்சுக் காட்ட முடியாதே. நேரா வச்சுப் பாத்தாத்தான சாஞ்சதோட அருமை தெரியும்? ரெண்டும் வேணும். அதுக்கு வழி இல்லையா?”

செல்லச்சாமி தாடையைச் சொறிந்தார். “ஏன் இல்ல? கதவு திறக்கவும் செய்யுது, மூடவும் செய்யுது. வளைச்சு வளைச்சா மூடுதோம்? கீல் போட்டிருக்கோம்.”

ஆபீசர் தலையசைத்தார். துருத்தி ஊதியது. செல்லச்சாமி கம்பின் கழுத்தை வெட்டினார், கீல் வைத்தார், இறுக்கத் திருகாணி போட்டார். டீச்சர் பாகைமானியைப் பிடித்தார். எந்த இடத்தில் சாய்வு நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு தடுப்பு வைத்தார்கள். இப்போது உலகம் நிமிர்ந்தும் நின்றது, சொன்னபடி சாய்ந்தும் நின்றது.

ஆபீசர் இரண்டு மூன்று தடவை நிமிர்த்திச் சாய்த்துப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவையும் செய்து பார்த்தார்.

“டீச்சர், அடுத்த வருஷம் இது முதல்ல உங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும்,” என்றார். “இதே ஆனியில.”

சுப்புலட்சுமி டீச்சர் ஆறுமுகத்தாயைப் பக்கத்தில் இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். பட்டறைக் கரியெல்லாம் டீச்சர் சேலையில் ஒட்டியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஆறுமுகத்தாய்க்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது.

ஆபீசர் உருண்டையை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் பத்திரமாக நிறுத்தினார். கிக்கரை உதைத்தார். ஸ்கூட்டர் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. பிள்ளைகள் கையாட்டினார்கள்.

தெரு முனையில் ஒரு பள்ளம். ஸ்கூட்டர் துள்ளியது. உருண்டை டக்கென்று நிமிர்ந்துகொண்டது.

“சார்! சார்!” ஆறுமுகத்தாய் தலைதெறிக்க ஓடினாள். “உலகம் நேரா நிக்கு சார்! சாச்சு வைங்க!”

“சாச்சு வைங்க சார்!” என்று வகுப்பு மொத்தமும் பின்னால் ஓடியது.

ஆபீசர் நடுத்தெருவில் பிரேக் போட்டார். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்தது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. இறங்கினார். குனிந்தார். உலகத்தைச் சாய்த்துத் திருகாணியை இறுக்கினார்.

“இப்ப சரியா?” என்று ஆறுமுகத்தாயைப் பார்த்துக் கேட்டார்.

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“இப்பதான் சார் சரி. இனி நீங்க கிளம்பலாம்.”

அதற்குப் பிறகுதான் ஆபீசர் குருவிகுளத்துக்குக் கிளம்பினார்.